டிவியின் முதுகைப் பார்த்துவிட்டு டிவிடி பிளேயர் வாங்குங்கள்

(குழுக் கடன் பெற்று டிவி பழுது பார்க்கும் கடை நடத்திவரும் உறுப்பினர் ஒருவர் நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத சகோதரிகள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)



போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். நம்ம அலுவலக பீரோவுக்குள்ளே பயிற்சி சிடிக்கள் ஒரு கட்டு கிடக்குது. கறவை மாடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு, கணக்குப் பதிவேடு எழுதுவது என்று நல்ல நல்ல விஷயம். போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. பழையது கெட்டுப்போய் எலி கூடு கட்டிவிட்டது. அதனால் ஒரு டிவிடி பிளேயர் வாங்கலாம் என்று முடிவு செய்து, "நீதானே டிவி மெக்கானிக், நீயே விசாரிச்சு வந்து சொல்லு" என்று என் தலையில் கட்டினீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தீர்மானம் போட்ட மறுநாளே நாலைந்து பேர் கடைக்கு வந்து, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டார்கள். "இந்தக் காலத்துல யாருக்கா டிவிடி பார்க்குறா, எல்லாம் செல்போன்லயே வருதே" என்று சின்னப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சினிமாவும் பாட்டும் செல்போனில் வரும். உங்க கல்யாணம் வருமா? உங்க பிள்ளைக்குக் காது குத்தினது வருமா? 2000-க்குப் பிறகு நம்ம ஊரில் நடந்த கல்யாணம், சடங்கு, வீடு குடி போனது எல்லாம் ஸ்டுடியோக்காரர் சிடியிலும் டிவிடியிலும்தான் போட்டுக் கொடுத்தார். அது டிரங்குப் பெட்டியில் சேலைக்கு நடுவில் இருக்குது. அதைப் பார்க்கணும் என்றால் மெஷின் வேணும்.

ஒரு அக்காவுக்கு நடந்தது

முதலில் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பேர் வேண்டாம். அந்த அக்காவின் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. 2008-ல் அவர்கள் வீடு கட்டி குடி போனபோது எடுத்த டிவிடி ஒன்று இருக்கிறது. அவர் நடந்து, பேசி இருப்பது அந்த ஒரு தட்டில் மட்டும்தான். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "அப்பாவை ஒரு தடவை பார்க்கணும்மா" என்று கேட்டிருக்கிறது.

அக்கா குழுவில் உள்கடன் 2,000 ரூபாய் எடுத்து, டவுனுக்குப் போய் சின்னதாக, அழகாக இருந்த ஒரு பிளேயரை வாங்கி வந்தார். வீட்டில் இருப்பது அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. பிளேயருக்குப் பின்னால் பார்த்தால் எச்.டி.எம்.ஐ. என்கிற ஒரே ஒரு தட்டையான ஓட்டைதான். டிவியில் அந்த ஓட்டையே கிடையாது. திரும்பக் கடைக்குப் போனால், "விற்றதை வாங்க மாட்டோம், வேணும்னா கன்வெர்ட்டர் வாங்கிக்கோங்க" என்றார்கள். அதுக்கு ஒரு காசு. கன்வெர்ட்டரை மாட்டினால் படமே வரவில்லை. அது தலைகீழாக வேலை செய்கிற கன்வெர்ட்டர். அப்புறம்தான் என்னிடம் வந்தார். கடனுக்கு வட்டி ஓடுது, படம் ஓடலை.

அந்த அக்கா மேல் தப்பே இல்லை. கடைக்காரர் "உங்க வீட்டு டிவி என்ன டிவிம்மா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நமக்குச் சொல்லத் தெரியாது. டிவியின் முகத்தைத்தான் நாம் தினமும் துடைக்கிறோம், முதுகைப் பார்ப்பதே இல்லை. இன்றைக்கு நான் சொல்லப்போவதில் ஒன்றே ஒன்று மனதில் நின்றால் போதும். பிளேயர் வாங்கக் கிளம்பும் முன் டிவியைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள்.

மூன்று வகை முதுகு

நம்ம ஊர் வீடுகளில் மூன்று வகை டிவி இருக்கிறது.

முதல் வகை, ரொம்பப் பழையது. பின்னால் ஆண்டெனா ஒயர் சொருக ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். பழைய கறுப்பு வெள்ளை டிவியெல்லாம் இப்படித்தான். இதுக்கு டிவிடி பிளேயரை நேராக மாட்ட முடியாது. நடுவில் மாடுலேட்டர் என்கிற சின்னப் பெட்டி வேண்டும். அது கிடைப்பதும் சிரமம், படமும் சுமார். இந்த டிவிக்காகப் புது பிளேயர் வாங்கிக் காசைப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது வகை, பின்பக்கம் குண்டாக இருக்கிற கலர் டிவி. 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச டிவியும் இந்த வகைதான். முதுகிலோ பக்கவாட்டிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்ட ஓட்டைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. இதை ஏ.வி. என்பார்கள். சின்ன டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும்தான் இருக்கும், சிவப்பு இருக்காது. பயப்பட வேண்டாம். மஞ்சளை மஞ்சளிலும் வெள்ளையை வெள்ளையிலும் சொருகிவிட்டு, சிவப்பைத் தொங்க விட்டுவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல டிவியில் ஏ.வி. ஒரு ஜோடிதான் இருக்கும். அதில் கேபிள்காரரின் செட்டாப் பாக்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பிளேயரை எங்கே சொருகுவது? செட்டாப் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் சொருகணும். அடிக்கடி பிடுங்கிச் சொருகினால் ஓட்டை தளர்ந்துவிடும். ஏ.வி. செலக்டர் என்று ஒரு சின்னப் பெட்டி எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். இரண்டு ஒயரையும் அதில் சொருகிவிட்டு, பட்டனை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். எதைச் சொருகுவதாக இருந்தாலும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுச் சொருகுங்கள்.

மூன்றாவது வகை, சுவரில் மாட்டுகிற தட்டையான எல்.இ.டி. டிவி. இதில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை கட்டாயம் இருக்கும். யு.எஸ்.பி. ஓட்டையும் இருக்கும், அது பென் டிரைவ் சொருகுவது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது. சில டிவியில் மஞ்சள் தனியாக இல்லாமல், பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரே ஓட்டையாக இருக்கும். அதில்தான் மஞ்சள் ஒயரைச் சொருகணும். இன்னும் சிலதில் ஹெட்போன் சொருகுகிற மாதிரி ஒரு குட்டி ஓட்டை இருந்து, பக்கத்தில் ஏ.வி. இன் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். அதுக்கு ஒரு குட்டை ஒயர் டிவிப் பெட்டியோடு வந்திருக்கும். "இது என்னமோ" என்று பரணில் தூக்கிப் போட்டிருப்பீர்கள். தேடி எடுங்கள். வேற கம்பெனி ஒயரைச் சொருகினால் சில சமயம் படம் வராமல் இரைச்சல் மட்டும் வரும். உள்ளே கம்பி வரிசை மாறி இருப்பதுதான் காரணம். மஞ்சளுக்குப் பதில் சிவப்பை மாற்றிச் சொருகிப் பார்த்தால் சில ஒயரில் சரியாகிவிடும்.

இரண்டுக்கும் ஆகிற பிளேயர் எது?

வீட்டில் இன்றைக்குக் குண்டு டிவி இருக்கும், நாளைக்கு எல்.இ.டி. வாங்குவீர்கள். அப்போது இன்னொரு பிளேயர் வாங்க முடியுமா? ஆகவே பின்னால் மஞ்சள்-வெள்ளை-சிவப்பும் இருக்கணும், எச்.டி.எம்.ஐ.யும் இருக்கணும். இரண்டும் இருக்கிற சாதாரண பிளேயரே போதும். நம்ம கூட்டமைப்புக்கும் இப்படிப்பட்டதைத்தான் சிபாரிசு செய்கிறேன். அலுவலகத்தில் இருப்பது குண்டு டிவி. ஊர் ஊராகப் பயிற்சிக்கு எடுத்துப் போகும்போது அங்கே எந்த டிவி இருக்கும் என்று தெரியாது.

எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கிற பிளேயரைக் குண்டு டிவி வைத்திருப்பவர்கள் தொடவே வேண்டாம். மஞ்சள் ஒயர் மட்டும் இருக்கிற பிளேயர் மலிவாகக் கிடைக்கும். அது குண்டு டிவிக்குச் சரி, சில எல்.இ.டி.க்கு ஆகாது.

கன்வெர்ட்டர் வாங்கியே ஆகணும் என்றால் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள். அது ஒருவழிப் பாதை. பழைய பிளேயரைப் புது டிவிக்கு மாட்ட, ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றுவது வேண்டும். புது பிளேயரைப் பழைய டிவிக்கு மாட்ட, எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக மாற்றுவது வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி சின்னப் பெட்டி. அந்த அக்கா ஏமாந்தது இதில்தான். பெட்டியில் இன்புட் என்று எழுதின பக்கம் பிளேயர், அவுட்புட் என்று எழுதின பக்கம் டிவி. இதுக்குத் தனியாகக் கரண்டும் வேண்டும், செல்போன் சார்ஜரில் சொருகலாம்.

அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி மயங்க வேண்டாம்

"ஃபுல் எச்.டி." என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, பூக்கோலம் மாதிரி. பழைய வீடியோ சிடியில் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளி. டிவிடியில் 720, 576. ஃபுல் எச்.டி. டிவியில் 1920, 1080. டிவிடியில் இருக்கிற புள்ளியைப் பிளேயர் இழுத்துப் பெரிசாக்கும், அவ்வளவுதான். இல்லாத புள்ளியை அதால் உண்டாக்க முடியாது. 20 வருஷத்துக்கு முந்தின கல்யாண சிடியைப் பெரிய எல்.இ.டி.யில் போட்டால் மங்கலாகத்தான் தெரியும். மெஷின் மேல் குறை இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். சின்ன டிவியில் அதே படம் பளிச்சென்று இருக்கும்.

"5.1" என்று போட்டிருந்தால் ஆறு ஸ்பீக்கர் மாட்ட வசதி இருக்கிறது என்று அர்த்தம். நம்மிடம் ஆறு ஸ்பீக்கர் இருக்கிறதா? டிவி ஸ்பீக்கரில் கேட்கப்போகிறவர்களுக்கு இது தேவை இல்லாத செலவு. அதோடு ஒரு தொந்தரவும் வரும். ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த படத்தில் பேச்சு நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். நாம் இரண்டு ஒயரை மட்டும் மாட்டினால் பாட்டு காதைக் கிழிக்கும், பேச்சு கேட்காது. செட்டிங்கில் போய் சத்தத்தை ஸ்டீரியோ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஸ்பீக்கரோடு சேர்த்து விற்பதில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு, பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருப்பார்கள். அது கண் இமைக்கிற நேரம்கூட நிற்காத கணக்கு. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் நிஜம்.

யு.எஸ்.பி. இருப்பது நல்லதுதான். ஆனால் பல சாதாரண பிளேயர்கள் பென் டிரைவிலிருந்து பாட்டும் போட்டோவும் காட்டும், செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டாது. பென் டிரைவில் ஒரு செல்போன் வீடியோவைப் போட்டு எடுத்துப் போய், கடையிலேயே ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, கம்ப்யூட்டருக்கு மாட்டுகிற வெளி டிவிடி டிரைவ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, டிவியின் யு.எஸ்.பி.யில் சொருகுகிறார்கள். டிவி அதைப் படிக்காது. அது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.

கேட்டு வாங்க வேண்டியவை

கரண்டு: நம்ம ஊரில் சாயந்திரம் வோல்டேஜ் இறங்கும், ராத்திரி ஏறும். பிளேயரின் முதுகில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் தாங்கும். 220-240 என்று மட்டும் இருப்பதைவிட இது நம்ம ஊருக்கு நல்லது.

தட்டு வகை: நாம் எல்லாவற்றையும் சிடி என்றே சொல்கிறோம். பாட்டு சிடி, வீடியோ சிடி, டிவிடி, ஸ்டுடியோவில் பதிந்து கொடுத்த தட்டு என்று வகை உண்டு. கடைத் தட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். ஸ்டுடியோவில் பதிந்த டிவிடி பெரும்பாலும் ஊதா கலந்து தெரியும். இந்த ஊதாத் தட்டைச் சில பிளேயர் படிக்கத் திணறும். நம்மிடம் இருப்பதே அதுதான். அதனால் உங்கள் வீட்டுத் தட்டில் ஒன்றை எடுத்துப் போய் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் வைத்திருக்கிற பளபளப்பான சினிமாத் தட்டு எந்த மெஷினிலும் ஓடும். புளூ-ரே என்கிற வகைத் தட்டு மட்டும் சாதாரண டிவிடி பிளேயரில் ஓடவே ஓடாது.

வெளிநாட்டுத் தட்டு: சினிமா டிவிடிக்கு உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். இந்தியாவுக்கு 5. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. துபாய், சவுதிக்கு 2. வீட்டுக்காரரோ தம்பியோ அங்கிருந்து படத் தட்டு அனுப்பினால், 5 மட்டும் படிக்கிற பிளேயரில் ஓடாது. எல்லாப் பகுதியும் படிக்குமா என்று கேளுங்கள். ஸ்டுடியோவில் போட்ட கல்யாணத் தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரிமோட்: செட்டிங் எல்லாம் ரிமோட்டில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் பிளேயர் பாதி உயிர்தான். வேற ரிமோட் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளேயர் மேலேயே பட்டன் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

"புது மெஷின் கெட்டுப்போச்சு" என்று என் கடைக்கு வருவதில் பல மெஷின் கெட்டதே இல்லை. செட்டிங்தான் தப்பு.

படமே வரவில்லை என்றால் டிவி ரிமோட்டில் ஏ.வி. அல்லது சோர்ஸ் பட்டனை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். எந்த ஓட்டையில் சொருகினீர்களோ அந்தப் பேர் வரும்வரை அழுத்தணும்.

குண்டு டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகவோ, மேலும் கீழும் உருண்டுகொண்டோ இருந்தால் பிளேயர் செட்டிங்கில் டிவி சிஸ்டம் என்ற இடத்துக்குப் போங்கள். பால், என்.டி.எஸ்.சி. என்று இரண்டு இருக்கும். நம்ம நாட்டுக்குப் பால். குடிக்கிற பால் இல்லை, படம் அனுப்புகிற முறைக்கு அப்படிப் பேர். அமெரிக்காவில் இருப்பது மற்றது.

முகமெல்லாம் நசுங்கினாலோ, பூசணிக்காய் மாதிரி அகண்டாலோ திரை அளவு தப்பு. குண்டு டிவிக்கு 4:3, தட்டை டிவிக்கு 16:9. பழைய கல்யாணத் தட்டு 4:3-ல் எடுத்தது. தட்டை டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அதை நிரப்ப இழுத்தால் மாப்பிள்ளை குண்டாகிவிடுவார்.

பேச்சு கேட்கிறது, இசை இல்லை, இல்லை இசை மட்டும் கேட்கிறது என்றால், சில பழைய வீடியோ சிடியில் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் வேறொன்றும் பதிந்திருப்பார்கள். ஒற்றை வெள்ளை ஒயர் மாட்டின டிவியில் இது தெரியும். ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்திப் பாருங்கள்.

தட்டில் தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கணும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. முந்தானையால் துடைக்காதீர்கள், ஜரிகை கீறிவிடும். பல்பொடி, பேஸ்ட் எதையும் பூச வேண்டாம்.

எல்லோரும் வாங்கணுமா?

இப்போது வியாபாரத்துக்கு விரோதமாக ஒன்று சொல்கிறேன். எல்லா வீட்டுக்கும் பிளேயர் தேவை இல்லை.

உங்களிடம் எல்.இ.டி. டிவி இருந்து, இரண்டு மூன்று தட்டு மட்டும் இருந்தால், ஸ்டுடியோவிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ கொடுத்து அதைப் பென் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். எம்.பி.4 என்று கேளுங்கள். டிவியின் யு.எஸ்.பி.யில் சொருகினால் படம் வந்துவிடும், செல்போனிலும் வரும். சாதாரண டிவிடித் தட்டில் 4.7 ஜி.பி. வரை அடங்கும். 16 ஜி.பி. பென் டிரைவில் மூன்று தட்டு தாராளமாக அடங்கும்.

பிளேயர் வாங்குகிறவர்களும் இதைச் செய்தே ஆகணும். ஊதாத் தட்டு என்பது சாயத்தில் பதிந்தது. நல்ல சேலைச் சாயம் வெயிலில் வெளுக்கிற மாதிரி அதுவும் நாளாக நாளாக வெளுக்கும். பிளேயர் கெட்டால் வேற வாங்கலாம். தட்டு போனால் எந்தக் கடையில் வாங்குவது? ஸ்டுடியோக்காரர் அத்தனை வருஷத்துப் படத்தை வைத்திருக்க மாட்டார். இந்த மாதமே ஏற்றுங்கள். பென் டிரைவும் திடீரென்று செத்துப்போகும், அதனால் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று பிள்ளையிடம். ஏற்றின பிறகும் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

குண்டு டிவி இருக்கிறவர்களுக்கும், வருஷத்தில் இரண்டு தடவை பார்க்கிறவர்களுக்கும் ஒரு யோசனை. சில குழுக்கள் அண்டா, குண்டா, சேர் வாங்கி வாடகைக்கு விட்டு லாபம் பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரி கூட்டமைப்பு வாங்கப்போகிற பிளேயருக்கும் ஒரு நோட்டுப் போடுவோம். யார் எடுத்துப் போனார்கள், எந்தத் தேதி, எப்போது திரும்பி வந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். ஒரு நாளைக்குச் சின்னதாக ஒரு வாடகை. ஒயர், ரிமோட், செலக்டர் எல்லாம் ஒரே பையில். முன்னே ஊரில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோமே, அந்த மாதிரிதான். இருபது பேர் தனித்தனியாக உள்கடன் எடுத்து வாங்குவதைவிட இது மேல். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

காசு விஷயம்

உள்கடன் என்பது நம்ம சேமிப்பு. ஆட்டுக்குட்டி வாங்கினால் அது வட்டியை அடைக்கும், தையல் மெஷின் வாங்கினால் அது வட்டியை அடைக்கும். டிவிடி பிளேயர் வட்டியை அடைக்காது. ஆசைப்பட்டதை வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வருஷம் பூரா உழைக்கிறவளுக்கு ஒரு படம் பார்க்க உரிமை இல்லையா? ஆனால் இதை மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி, கையிலிருக்கிற காசில் வாங்கணும். பிளேயர் விலையோடு ஒயர், செலக்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். "மலிவு" என்று வாங்கின அக்காவுக்குக் கடைசியில் எது மலிவாக முடிந்தது?

வாங்கும்போது பில் கேளுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது பில் ஆகாது. கடை பேர், தேதி, ஜி.எஸ்.டி. எண், மாடல் பேர் இருக்கணும். பெட்டியில் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கும், வரி எல்லாம் அதில் அடக்கம். அதுக்கு மேல் "வரி தனி" என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வாரண்டி கார்டில் கடை முத்திரை வாங்குங்கள். பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. ஆனால் பில் இல்லாமல் எங்கே போனாலும் பேச முடியாது. கூட்டத்துக்குப் பதிவேடு எப்படியோ, கடைக்குப் பில் அப்படி.

அந்த அக்கா

அந்த அக்காவின் கதையை முடிக்கவில்லையே. என் கடையில் கிடந்த பழைய பிளேயரை, மஞ்சள் ஒயர் இருக்கிறதை, அவர் வீட்டுக்கு எடுத்துப் போய் மாட்டினேன். தட்டு முதலில் ஓடவில்லை. துடைத்துத் துடைத்து நாலாவது தடவை ஓடியது. இடையில் ஒரு இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. அதைத் தாண்டி ஓட்டினேன். பந்தி நடக்கிற இடம் வந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராக்காரரைப் பார்த்து, "தம்பி, நீயும் சாப்பிட்டுட்டுப் போப்பா" என்கிறார். அவ்வளவுதான் அவர் பேசினது. அந்தப் பெண் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னது. அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாளே டவுனுக்குப் போய் அதைப் பென் டிரைவில் ஏற்றினோம். உடைந்த இடம் உடைந்ததுதான், அதைச் சரி செய்ய முடியவில்லை. இரண்டு வருஷம் முன்னாடி ஏற்றியிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நேரம் பேசினேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். டிவியைத் திருப்பிப் பாருங்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்துப் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.



(உரைக்குப் பிறகு, கூட்டமைப்பு வாங்கும் பிளேயரை நோட்டுப் போட்டு உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடும் யோசனை ஒருமனதாக ஏற்கப்பட்டது.)

கடைக்குப் போகும் முன்: வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

1. என் டிவியின் முதுகில் என்ன ஓட்டைகள் இருக்கின்றன? (செல்போனில் போட்டோ எடுத்துப் போகலாம்.)

2. ஏ.வி. ஓட்டையில் செட்டாப் பாக்ஸ் ஏற்கெனவே இருக்கிறதா?

3. பிளேயரில் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு, எச்.டி.எம்.ஐ. இரண்டும் இருக்கிறதா? இரண்டுக்கும் ஒயர் பெட்டிக்குள் வருகிறதா?

4. 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா?

5. என் வீட்டுத் தட்டு கடையில் ஓடியதா? என் பென் டிரைவ் ஓடியதா?

6. ரிமோட் வேலை செய்கிறதா? பேட்டரி வருகிறதா?

7. பில், வாரண்டி கார்டு, கடை முத்திரை வாங்கினேனா?

8. பழைய தட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டேனா? இரண்டு இடத்தில் வைத்தேனா?